வெண்பனியின் இரு முகங்கள்

நுழையும்முன்

ஒரு பொருள் எல்லாருக்கும் ஒன்றுபோலத் தோன்றுவதில்லை. ஒருவருக்கே அது எல்லா வயதிலும் ஒன்றுபோலத் தோன்றுவதுமில்லை. சிறுவயதில் மகிழ்ச்சி தந்த மழை, வளர்ந்தபின் கூரை ஒழுகும் கவலையைத் தருகிறது. இத்தகைய மாற்றத்தை மிகத் தெளிவாகக் காணக்கூடிய இடம் பனிபொழியும் நாடு. குழந்தைக்கு விளையாட்டாகவும் முதியவருக்குச் சுமையாகவும் விளங்கும் வெண்பனியின் வழியே, மனித மனம் வளரும் வகையை விளக்குகிறது இக்கட்டுரை.

ஒரு காலை, இரு பார்வை

ஜப்பான் நாட்டின் மேற்குக் கரையில் நீகாட்டா என்னும் மாநிலம் உள்ளது. அங்குள்ள மலையோரச் சிற்றூர் ஒன்றில் சனவரி மாதத்துக் காலைப்பொழுது விடிகிறது. இரவு முழுவதும் பனி பொழிந்திருக்கிறது. வேலி மறைந்துவிட்டது, வயல் மறைந்துவிட்டது, நிறுத்தியிருந்த வண்டி ஒரு வெண்மேடாகிவிட்டது. பேரன் சன்னலைத் திறக்கிறான். அவன் கண்கள் விரிகின்றன. அதே நேரத்தில் பாட்டனார் வாயிற்கதவைத் திறக்கிறார். அவர் பார்வை தரையில் நிற்கவில்லை; கூரையை நோக்கி எழுகிறது. எவ்வளவு உயரம் பனி ஏறியிருக்கிறது, அது ஈரமான பனியா, உலர்ந்த பனியா, கூரை இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்று அவர் மனம் கணக்கிடுகிறது.

இருவரும் காண்பது ஒரே பனியை. ஆயினும் ஒருவர் காண்பது வரவு. மற்றொருவர் காண்பது செலவு. அந்தப் பாட்டனாரும் ஒரு காலத்தில் அதே சன்னலைத் திறந்து கண்கள் விரிய நின்றவர்தாம். இடையில் மாறியது எது? பனியா, மனிதரா?

தமிழில் பனி

தமிழ்நாட்டுச் சமவெளியில் வெண்பனி பொழிவதில்லை. எனினும் பனி என்னும் சொல் தமிழுக்குப் புதியதன்று. ஓராண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்த தமிழர், அவற்றுள் இரண்டனுக்குப் பனியின் பெயரையே சூட்டினர். மார்கழியும் தையும் முன்பனிக்காலம். மாசியும் பங்குனியும் பின்பனிக்காலம். இங்குப் பனி என்பது புல்நுனியில் திரளும் நீர்த்துளியையும் வைகறையில் படரும் மூடுபனியையும் குறிக்கும். பனித்தல் என்னும் வினைக்கு நடுங்குதல் என்னும் பொருளும் உண்டு. ‘கண்கள் பனித்தன’ என்னும்போது அது கண்ணீரையும் குறிக்கிறது. குளிர், நடுக்கம், கண்ணீர் ஆகிய மூன்றும் ஒரே சொல்லில் அடங்கியிருப்பது எண்ணத்தக்கது.

நீலகிரியில் குளிர்காலத்து இரவுகளில் உறைபனி விழுவதுண்டு. புல்வெளி வெண்போர்வை போர்த்தியதுபோல் காட்சியளிக்கும். அதைக் காணச் சுற்றுலாப் பயணியர் விடியலிலேயே எழுந்து செல்கின்றனர். அதே உறைபனியால் தேயிலைக் கொழுந்துகளும் மலைக்காய்கறிப் பயிர்களும் கருகுகின்றன. அங்குள்ள உழவர் அதே விடியலில் எழுவது தம் தோட்டத்தில் எஞ்சியது எவ்வளவு என்று பார்ப்பதற்கு. ஆதலால் வெண்பனியின் இரு முகங்கள் நமக்கும் முற்றிலும் அயலானவை அல்ல.

பனி பொழியும் விதம்

நீகாட்டா நகரம் ஏறத்தாழ 38 பாகை வடக்கு அட்சரேகையில் அமைந்துள்ளது. கிரேக்க நாட்டின் ஏதென்சு நகரமும் அதே அட்சரேகையை ஒட்டியே உள்ளது. எனினும் ஏதென்சில் காணப்படாத பெரும்பனி நீகாட்டாவில் பொழிவதற்குக் காரணம் உண்டு. குளிர்காலத்தில் சைபீரியாவிலிருந்து கடுங்குளிர்க்காற்று புறப்படுகிறது. வழியில் அது ஜப்பான் கடலைக் கடக்கிறது. அக்கடலில் தெற்கிலிருந்து வெதுவெதுப்பான நீரோட்டம் பாய்வதால், காற்று மிகுந்த ஈரத்தை முகந்துகொள்கிறது. பின்னர் ஜப்பானின் நடுவே நிற்கும் மலைத்தொடரில் மோதி மேலெழுகிறது, குளிர்கிறது, சுமந்து வந்த ஈரத்தைப் பனியாகக் கொட்டுகிறது. தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதிக் கேரளத்தில் பெருமழை பொழிவதற்கு ஒப்பானது இந்நிகழ்வு. நீகாட்டா மாநிலத்தின் தகதா நகரில் 1945ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் தரையில் கிடந்த பனியின் ஆழம் 377 சென்டிமீட்டர். ஓர் ஆளின் உயரத்தைப்போல் இருமடங்குக்கும் மேற்பட்ட ஆழம் அது.

புதிதாகப் பொழிந்த பனியின் கன அளவில் ஏறத்தாழ 90 விழுக்காடு காற்றே ஆகும். படிகங்களுக்கு இடையேயுள்ள எண்ணற்ற நுண்துளைகள் ஒலியை உள்வாங்கிக்கொள்கின்றன. பனிபொழிந்த காலையில் ஊரே அமைதியில் ஆழ்ந்திருப்பது போன்ற உணர்வு தோன்றுவதற்கு இதுவே காரணம். தனித்தனியே நோக்கினால் பனிப்படிகம் கண்ணாடிபோல் ஒளி ஊடுருவக்கூடியது. ஆனால் கோடிக்கணக்கான படிகப் பரப்புகள் ஒளியின் எல்லா நிறங்களையும் ஒருங்கே சிதறடிப்பதால், குவிந்த பனி வெண்மையாகத் தோன்றுகிறது.

குழந்தையின் பனி

பனி பொழிந்தவுடன் ஊரின் உருவம் மாறிவிடுகிறது. நேற்றுவரை இருந்த பள்ளம் இன்று மேடு. நேற்றுவரை நடக்கக்கூடாதிருந்த வயல் இன்று வெட்டவெளி. பெரியவர் வகுத்த எல்லைகளை ஒரே இரவில் பனி அழித்துவிடுகிறது. குழந்தையின் கைக்கு வேண்டியவாறு வளையும் பொருளாகவும் அது இருக்கிறது. உருட்டலாம், அடுக்கலாம், குடையலாம், உடைத்தாலும் கடிந்துகொள்வார் இல்லை. வட அமெரிக்காவின் பல ஊர்களில் பெரும்பனி பொழிந்தால் பள்ளிக்கு விடுமுறையும் கிடைக்கிறது. எதிர்பாராமல் கையில் விழுந்த அந்த ஒரு நாள், நாட்காட்டியில் இல்லாத திருநாளாகும்.

குழந்தையின் இம்மகிழ்ச்சியைப் பண்பாடாகவே போற்றும் ஊர்களும் உள்ளன. ஜப்பானின் அகிதா மாநிலத்தில் உள்ள யொகோட்டே நகரில் ஆண்டுதோறும் பிப்ரவரி மாதத்தின் நடுவில் ‘கமகுரா’ என்னும் விழா நடைபெறுகிறது. பனியைக் குவித்து, உள்ளே குடைந்து, சிறு குடில்கள் அமைக்கின்றனர். குடிலின் உட்புறச் சுவரில் நீர்த் தெய்வத்திற்கு ஒரு மாடம் உண்டு. குடிலுக்குள் அமர்ந்திருப்போர் குழந்தைகள். அவர்களே அன்று விருந்தோம்புவோர். வழிப்போக்கரை உள்ளே அழைத்து, அரிசியால் செய்த இனிய பானத்தையும் சுட்ட அரிசிப் பணியாரத்தையும் வழங்குகின்றனர். பெரியவர்கள் குனிந்து நுழைந்து விருந்தினராய் அமர்கின்றனர். ஆண்டு முழுவதும் பெரியவருடையதாக இருக்கும் உலகம், அந்த இரண்டு இரவுகளுக்குக் குழந்தைகளுடையதாகிறது.

பெரியவரின் பனி

பனியின் மறுமுகம் அதன் எடை. விழும்போது இறகைப்போல் விழும் பனி, நாள்கள் செல்லச்செல்லத் தன் எடையாலேயே அமுங்கி இறுகுகிறது. இறுகிய பனி ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 300 கிலோகிராம் எடை கொள்ளும். 80 சதுர மீட்டர் பரப்புள்ள ஒரு கூரைமேல் அத்தகைய பனி ஒரு மீட்டர் உயரம் கிடந்தால், அதன் எடை 24 டன். ஆறு யானைகள் கூரைமேல் நிற்பதற்கு அது நிகராகும். எனவே குளிர்காலத்தில் பன்முறை கூரைமேல் ஏறிப் பனியை அள்ளித் தள்ளவேண்டியுள்ளது. வழுக்கும் கூரை, விறைக்கும் விரல்கள், கீழே எங்கே தரை என்று தெரியாத வெண்மை ஆகியவற்றுக்கிடையே செய்யப்படும் பணி அது.

கடுங்குளிரில் செய்யும் இப்பணி இதயத்திற்கும் பெருஞ்சுமையாகும். குளிரில் குருதிக் குழாய்கள் சுருங்குகின்றன. குருதி அழுத்தம் உயர்கிறது. உழைப்போ இதயத்தின் துடிப்பை விரைவுபடுத்துகிறது. 2005ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கி 2006 வரை நீடித்த கடும்பனிக் காலத்தில் ஜப்பானில் 152 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் முதியவர்கள். பலரும் பனியை அகற்றும் பணியில் ஈடுபட்டிருந்தவர்கள்.

முதியவர்கள் ஏன் கூரைமேல் ஏற நேர்ந்தது? இளையோர் கல்விக்காகவும் பணிக்காகவும் தோக்கியோ முதலிய பெருநகரங்களுக்குச் சென்றுவிட்டனர். ஊரில் குழந்தைகள் குறைந்தனர், பனி குறையவில்லை. விளையாடுவாரற்ற பனியை அள்ளும் கடமை மட்டும் எழுபது, எண்பது வயதினரின் தோளில் எஞ்சியது. பேரன் விடுமுறைக்கு வரும் நாளில் மட்டுமே அவ்வீட்டுப் பனி மீண்டும் விளையாட்டாகிறது.

மாற்றம் நிகழும் இடம்

குழந்தைப் பருவத்திலிருந்து முதிர்ச்சிக்குச் செல்லும் வழியில், பனியைப் பற்றிய உணர்வு எந்த இடத்தில் மாறுகிறது? குறிப்பிட்ட ஒரு வயதில் அது மாறுவதில்லை. பனி அள்ளும் மண்வாரி முதன்முதலாகக் கைக்கு வரும் நாளில் மாறத் தொடங்குகிறது. அன்றுவரை பனி தானே வந்தது, தானே போனது. நடைவழி எப்போதும் தூய்மையாகவே இருந்தது. அதைத் தூய்மையாக்கியவர் யார் என்று குழந்தை எண்ணியதில்லை. பொறுப்பு வரும்போதுதான் அதுவரை பிறர் சுமந்த சுமை கண்ணுக்குத் தெரிகிறது.

குழந்தைக்குப் பனி நேரத்தைக் கொடுக்கிறது. பெரியவரிடமிருந்து அது நேரத்தைப் பறிக்கிறது. குழந்தை பனியோடு விளையாடித் திரும்பும்போது, உலர்ந்த ஆடையும் சூடான உணவும் காத்திருக்கின்றன. அவற்றை ஆயத்தம் செய்பவருக்கு விளையாட நேரம் இருப்பதில்லை. குழந்தையின் கவலையின்மைக்குப் பின்னால் ஒருவரின் கவலை எப்போதும் நிற்கிறது.

வயதால் மட்டுமன்றி, வாழும் இடத்தாலும் இவ்வேறுபாடு நேரும் என்பதைக் காட்டியவர் சுசுகி பொகுஷி (1770–1842). இன்றைய நீகாட்டா பகுதியில் சியோசாவா என்னும் ஊரில் துணி வணிகம் செய்தவர். தம் நிலத்துப் பனியையும் மக்களின் வாழ்க்கையையும் பற்றி அவர் எழுதிய ‘ஹொகுஎட்சு செப்பு’ என்னும் நூல், பல்லாண்டு முயற்சிக்குப்பின் 1837ஆம் ஆண்டில் எதோ நகரில் வெளிவந்தது. எதோ என்பது இன்றைய தோக்கியோ. அந்நகர மக்கள் சிறிதளவே பொழியும் பனியைக் கண்டு களித்தனர். பெரும்பனி பொழியும் நிலத்தாரோ வீட்டையும் உயிரையும் காக்கப் போராடினர். பனியின் அழகை மட்டும் அறிந்தவர்களுக்கு அதன் எடையை எடுத்துரைப்பதே பொகுஷியின் நோக்கமாயிற்று.

தெரிந்து தெளிவோம்

ஜப்பானின் கொகா என்னும் பகுதியை ஆண்ட தொய் தோஷித்சுரா என்பவர், நுண்ணோக்கியின் துணைகொண்டு ஏறத்தாழ 20 ஆண்டுகள் பனிப்படிகங்களை ஆராய்ந்தார். அவற்றின் வடிவங்களை வரைந்து 1832ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். அப்படங்கள் சிலவற்றைப் பொகுஷியும் தம் நூலில் எடுத்தாண்டார். நீர் மூலக்கூறுகள் உறையும்போது அறுகோண அமைப்பில் அடுக்கப்படுவதால், பனிப்படிகங்கள் ஆறு பக்கங்கள் அல்லது ஆறு கிளைகள் உடையனவாக அமைகின்றன.

வியப்பை இழக்காதவர்கள்

பொறுப்பு வந்தால் வியப்பு போய்விடவேண்டும் என்பது இயற்கையின் விதியா? அன்று என்பதற்கு வில்சன் பெண்ட்லியின் வாழ்க்கை சான்றாகும். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ஜெரிகோ என்னும் ஊரில் 1865ஆம் ஆண்டில் பிறந்தவர் அவர். உழவர் குடும்பம். 15ஆம் வயதில் தாயார் அளித்த நுண்ணோக்கியின்கீழ் ஒரு பனிப்படிகத்தை வைத்துப் பார்த்தார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது உருகி மறைந்தது. மறைந்துபோகும் அவ்வழகைப் பதிவுசெய்ய விரும்பி முதலில் வரைந்து பார்த்தார். வரைந்து முடிப்பதற்குள் படிகம் உருகிவிட்டது. பின்னர் நுண்ணோக்கியை ஒளிப்படக் கருவியோடு இணைத்தார். 1885ஆம் ஆண்டு சனவரி 15ஆம் நாள் பனிப்படிகத்தின் ஒளிப்படத்தை வெற்றிகரமாக எடுத்தார். அப்போது அவருக்கு வயது 19.

பெண்ட்லி தம் வாழ்நாள் முழுவதும் உழவராகவே இருந்தார். பனிக்காலத்தில் கால்நடைகளைக் காப்பதும் வழியைச் செப்பனிடுவதும் அவருக்கும் கடமைகளே. பனியின் எடையை அறியாததனால் அவர் அதை நேசித்தார் என்று கூறவியலாது. எடையை அறிந்தும் நேசித்தார். 5000க்கும் மேற்பட்ட ஒளிப்படங்களை எடுத்தார். அவற்றின் தொகுப்பு நூல் 1931ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் வெளியாயிற்று. அடுத்த மாதமே, பனிப்புயலினூடே நடந்து வீடு திரும்பிய அவர் நிமோனியாவால் மறைந்தார். அவர் போற்றிய பனி இறுதிவரை இரு முகங்களையும் காட்டியது.

குழந்தையின் வியப்பு அறிவியலாக முதிர்ந்தமைக்கு மற்றொரு சான்று நகாயா உகிசிரோ. ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியராக விளங்கிய அவர், 1936ஆம் ஆண்டில் ஆய்வகத்திலேயே பனிப்படிகத்தை வளர்த்துக் காட்டினார். படிகம் வளர்வதற்குப் பற்றுக்கோடாக அவர் பயன்படுத்தியது ஒரு முயலின் மயிரிழை. காற்றின் வெப்பநிலையும் ஈரப்பதமும் மாறுவதற்கேற்பப் படிகத்தின் வடிவம் மாறுகிறது என்பதை அவர் நிறுவினார். ஆகவே தரையில் விழுந்த ஒரு படிகத்தின் வடிவத்தைக் கொண்டு, அது உருவான வானத்தின் நிலையை அறியலாம். குழந்தை வேடிக்கையாகக் கையில் ஏந்தும் துகள், அறிஞருக்கு வானம் பற்றிய செய்தியாயிற்று.

வளர்ந்தபின் வந்த பனி

குழந்தைப் பருவத்தில் பனியையே காணாமல், வளர்ந்தபின் முதன்முதலாகக் காண்போரின் நிலை வேறு. 1983ஆம் ஆண்டுக்குப் பிறகு இலங்கையிலிருந்து புலம்பெயர்ந்த தமிழர் பல்லாயிரவர் கனடாவில் குடியேறினர். டொராண்டோ பெருநகரப் பகுதி அவர்களின் முதன்மையான வாழிடமாயிற்று. பனை நிழலில் வளர்ந்தவர்களுக்குப் பனி முதன்முதலில் அறிமுகமானது விளையாட்டாக அன்று. இருள் பிரியாத காலையில் பேருந்துக்குக் காத்திருக்கும் நிறுத்தத்தில் அறிமுகமாயிற்று. 1999ஆம் ஆண்டு சனவரியில் டொராண்டோவில் பொழிந்த பெரும்பனியை அகற்ற இராணுவமே அழைக்கப்பட்டது.

அங்கே பிறந்த குழந்தைகளுக்கோ பனி பிறந்த மண்ணின் இயல்பு. பெற்றோர் தம் சிறுவயது மழையைப் பற்றிப் பேசும் வீட்டில், பிள்ளைகள் தம் சிறுவயதைப் பனியில் கழிக்கின்றனர். பொங்கல் திருநாள் கனடாவில் கடுங்குளிர்காலத்தின் நடுவே வருகிறது. முற்றம் முழுவதும் பனி மூடியிருக்க, பொங்கற்பானை அடுக்களையில் பொங்குகிறது. சன்னலுக்கு வெளியே பிள்ளைகள் பனியை உருட்டி உருவம் செய்கின்றனர். அவர்களுக்குக் கையுறை மாட்டிவிடப் போகும் தாய், தானும் ஒரு பிடி பனியை அள்ளிப் பார்க்கிறாள். தனக்கு வாய்க்காத ஒரு குழந்தைப் பருவத்தைப் பிள்ளையின் வழியே சிறிது நேரம் பெறுகிறாள்.

சுமையும் கொடையும்

பெரியவரின் பார்வை சுமையை மட்டுமே காண்பதன்று. பனிநிலத்து மக்கள் பனியோடு வாழும் வழிகளையும் கண்டறிந்தனர். தகதா நகரில் வீட்டுக்காரர்கள் தத்தம் வீட்டின் முன்புறத்தில் தெருவையொட்டிக் கூரையிட்ட நடைபாதைகளை அமைத்தனர். தனித்தனி வீட்டாருக்கு உரிமையான அந்நடைபாதைகள் ஒன்றோடொன்று இணைந்து, பனிக்காலத்தில் ஊரார் அனைவரும் நடக்கும் பொதுவழியாயின. பொகுஷியின் நிலத்தில் சணல் வகை நாரால் நெய்யப்படும் மெல்லிய துணியை, வெயில் படும் பனிப்பரப்பின்மேல் விரித்து வெளுப்பர். இக்கைத்தொழில் 2009ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. மலையில் கிடக்கும் பனி வேனிலில் உருகி வயல்களுக்குப் பாய்வதால், நீகாட்டா ஜப்பானின் புகழ்பெற்ற நெற்களஞ்சியமாக விளங்குகிறது. சனவரியில் தோளை வருத்திய பனியே மே மாதத்தில் நாற்றங்காலை நனைக்கிறது.

இப்போது வெளியூர் இளைஞர்களுக்குப் பனி அள்ளும் முறையைக் கற்பிக்கும் பயிற்சி முகாம்களும் அப்பகுதியில் நடைபெறுகின்றன. பனியில் விளையாடிப் பழகாத நகரத்து இளைஞர், கூரையின் கீழ் நின்று முதியவரிடம் மண்வாரியைப் பிடிக்கும் முறையைக் கற்கின்றனர். பணி முடிந்தபின் குவிந்த பனிமேட்டில் சறுக்கியும் விளையாடுகின்றனர். கடமையும் மகிழ்ச்சியும் அங்கு ஒரே பனியில் இடம்பெறுகின்றன.

தொடக்கத்தில் எழுந்த வினாவிற்கு இனி விடை கூறலாம். மாறுவது பனியன்று, பனிக்கும் மனிதருக்கும் இடையேயுள்ள உறவு. குழந்தைப் பார்வை பொய்யும் அன்று. பெரியவர் பார்வை அழகறியாததும் அன்று. முன்னதில் வியப்பு உண்டு, பொறுப்பு இல்லை. பின்னதில் பொறுப்பு உண்டு, வியப்பு உறங்கிக்கிடக்கிறது. விளையாட்டுப் பருவத்தைக் கடந்து பொறுப்பின் வாயிலில் நிற்கும் பதினாறு, பதினேழு வயதினர், இவ்விரண்டையும் ஒருங்கே காணும் இடத்தில் நிற்பவர்கள்.

அந்நீகாட்டாச் சிற்றூரில் பேரன் ஒருநாள் தானாகவே சன்னலை விட்டு எழுந்து வாயிலுக்கு வருவான். பாட்டனாரின் கையிலுள்ள மண்வாரியைக் கேட்டு வாங்கிக்கொள்வான். அன்று அவன் வளர்ந்துவிட்டான் என்பது பொருள். வழியைத் தூய்மைசெய்து முடித்தபின், ஓரத்தில் ஒதுக்கிய பனியைக் கொண்டு பாட்டனாரின் கண்ணெதிரே ஒரு சிறு குடிலையும் அவன் குடைவானாயின், வளர்ச்சியில் அவன் எதையும் இழக்கவில்லை என்பது பொருள்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டில் உள்ள முதியவர் ஒருவரிடம், சிறுவயதில் மழை அவருக்கு எவ்வாறு இருந்தது, இன்று எவ்வாறு இருக்கிறது என்று கேட்டறிந்து, ஒரு பக்க அளவில் எழுதுக.

2. பனி, உறைபனி, மூடுபனி, பனித்துளி, கண்பனித்தல் ஆகிய சொற்களைச் சொந்தத் தொடர்களில் அமைத்து, பொருள் வேறுபாட்டை வகுப்பில் கலந்துரையாடுக.

3. சிறுவயதில் பிறர் உங்களுக்காகச் செய்த பணிகளுள், இன்று நீங்களே ஏற்றுக்கொண்ட ஒன்றைக் குறிப்பிட்டு, அது உங்கள் பார்வையை மாற்றிய விதத்தை விளக்குக.